பாஸ் மீனுக்கு எந்த ராடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோவில் கோடை பிறந்ததும் சிம்கோ ஏரி, ரைஸ் ஏரி, கவார்த்தா ஏரிகள் என்று தூண்டிலோடு கிளம்பும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களில் புதியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ராடு, அதாவது தூண்டில் கழி, பற்றியவை. விலை கூடியது வாங்கினால் மீன் கூடுதலாக விழும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உண்மையில் விலையைவிடப் பொருத்தம்தான் முக்கியம்.

பாஸ் என்று இங்கே சொல்வது எந்த மீனை?

வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களான லார்ஜ்மவுத் பாஸ், ஸ்மால்மவுத் பாஸ் இரண்டையும். இரண்டும் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடலோரக் கொடுவாவும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிடிபடும் பீகாக் பாஸும் வேறு குடும்பத்து மீன்கள்.

லார்ஜ்மவுத்துக்குப் பாசி, அல்லி இலை, மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல் பிடிக்கும். ஸ்மால்மவுத் பாறையும் சரளையும் உள்ள தெளிந்த, குளிர்ந்த தண்ணீரைத் தேடிப் போகும். ஒரே ஏரியில் இரண்டும் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு எடுத்த ராடு மற்றதற்குச் சங்கடமாக இருப்பது இந்த இட வித்தியாசத்தால்தான்.

இங்கே பிடிபடுவது இரண்டு மூன்று பவுண்டு மீன். அதற்கு எதற்கு இத்தனை வகை ராடு?

நியாயமான கேள்வி. லார்ஜ்மவுத்தின் உலகச் சாதனையே 22 பவுண்டைச் சற்றுத்தான் தாண்டுகிறது. 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்ததும், 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்ததும் ஏறத்தாழ ஒரே எடை. சாதனை இன்றும் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒன்டாரியோவில் ஐந்து பவுண்டு மீன் கிடைத்தாலே அன்றைக்குப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவோம்.

ஆக, மீனின் எடைக்காக ராடு மாறுவதில்லை. மாற்றுபவை இரண்டு. ஒன்று, நரம்பின், அதாவது தூண்டில் நூலின், நுனியில் எந்த வகை முள் இருக்கிறது என்பது. இன்னொன்று, மீனை எந்த இடத்திலிருந்து வெளியே இழுக்க வேண்டும் என்பது.

திறந்த தண்ணீரில் கிராங்க்பெய்ட் என்ற, இழுக்க இழுக்க நீந்தும் செயற்கை மீனை ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் மெல்லிய மும்முனை முட்கள் இரண்டு தொங்கும். அவை தொட்டாலே ஏறிவிடும். ஆனால் முரட்டுத்தனமாக இழுத்தால் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டோ நிமிர்ந்துபோயோ விடும். அங்கே தேவை வளைந்து கொடுக்கும் ராடு. அதே மூன்று பவுண்டு மீனை அடர்ந்த பாசிக்குள் தடித்த ஒற்றை முள் ஜிக்கால் (தலையில் எடை வைத்த முள்) பிடிக்கும்போது நிலைமை தலைகீழ். முள் ஏறவே ஒரு பலமான சுண்டு வேண்டும். ஏறிய கையோடு மீனின் தலையை மேலே திருப்பாவிட்டால் அது பாசியைச் சுற்றிக்கொள்ளும். அங்கே தேவை விறைப்பான ராடு. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை.

ராடின் மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் நான்கைந்து விவரங்கள் இருக்கும். உதாரணமாக 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், நரம்பு 12 முதல் 20 பவுண்டு, லூர் கால் அவுன்ஸ் முதல் 1 அவுன்ஸ் வரை. லூர் என்பது செயற்கை இரை. 1 அவுன்ஸ் சுமார் 28 கிராம்.

இவற்றில் புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது லூர் எடை. மற்றதெல்லாம் அப்புறம். கால் அவுன்ஸ் முதல் 1 அவுன்ஸ் என்று எழுதிய ராடு கால் அவுன்ஸை வீசும், ஆனால் அரைகுறையாக. அரை அவுன்ஸுக்கு மேலே போனால்தான் அதன் உடம்பு வளைந்து லூரை உந்தித் தள்ளும். உங்கள் பெட்டியில் அதிகம் இருக்கும் லூர்களின் எடை அந்த எல்லையின் நடுவில் விழ வேண்டும்.

மீடியம், ஹெவி போன்ற சொற்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் மீடியம் ஹெவி இன்னொருவரின் ஹெவிக்குப் பக்கத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் பெயரை விட்டுவிட்டு எடை எண்களை ஒப்பிடுங்கள்.

பவர், ஆக்‌ஷன் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். அல்ட்ரா லைட்டில் தொடங்கி லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்று போகும். பாஸுக்குப் பெரும்பாலும் மீடியம் லைட்டிலிருந்து ஹெவி வரை போதும்.

வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது ஆக்‌ஷன். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் ராடில் நுனி மட்டும் வளையும். ஃபாஸ்டில் மேல் மூன்றில் ஒரு பங்கு. மாடரேட்டில் ஏறக்குறைய பாதி ராடு. ஸ்லோவில் வளைவு கைப்பிடி வரைக்கும் வரும்.

இரண்டும் தனித்தனி என்பதால் எப்படியும் சேரலாம். மீடியம் ஹெவி பவரில் மாடரேட் ஆக்‌ஷன் உள்ள ராடு ஆழமான கிராங்க்பெய்ட்டுக்கு. மீடியம் லைட்டில் எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட், பின்னால் வரும் டிராப் ஷாட் முறைக்கு. கடையில் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து "இது சாஃப்ட்" என்று முடிவு கட்டுபவர்கள் பெரும்பாலும் ஆக்‌ஷனைப் பார்த்துவிட்டுப் பவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட வந்தவரை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் மெதுவாகக் கைப்பிடியை உயர்த்திப் பாருங்கள். வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஸ்பின்னிங் ராடு, பெய்ட்காஸ்டிங் ராடு: எதில் தொடங்கலாம்?

ஸ்பின்னிங்கில் தொடங்குங்கள். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். நரம்பு சுருள் சுருளாகக் கழன்று வருவதால் ராடில் நரம்பு நுழையும் முதல் வளையம் பெரிதாக இருக்கும். லேசான லூரை எதிர்காற்றிலும் ஓரளவு வீசலாம், சிக்கல் குறைவு.

பெய்ட்காஸ்டரில் ரீல் மேலே உட்காரும், ராடின் அடியில் விரல் பிடிக்க ஒரு கொக்கி போன்ற பகுதி இருக்கும். வீசும்போது நரம்பு சுற்றிய ஸ்பூலே சுழல்வதால், லூர் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் ஓடிக்கொண்டிருந்தால் நரம்பு பறவைக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். கட்டை விரலால் அதை அடக்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் தடித்த நரம்பு, கனமான லூர், சொன்ன இடத்தில் விழும் வீச்சு எல்லாம் இதில்தான் சுகம்.

என் கணக்கு இதுதான்: கால் அவுன்ஸுக்குக் கீழே ஸ்பின்னிங், முக்கால் பங்கு அவுன்ஸைத் தாண்டினால் பெய்ட்காஸ்டர், இடைப்பட்டதில் உங்கள் கைக்கு எது வசமோ அது.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும். எதை வாங்குவது?

7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ஸ்பின்னிங் ராடு. ரீல் 2500 அல்லது 3000 அளவு. அதில் 10 அல்லது 15 பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் 8 முதல் 10 பவுண்டு ஃபுளூரோகார்பன் நரம்பில் ஆறேழு அடி.

வாக்கி ரிக், நெட் ரிக், டியூப், சிறிய டெக்சஸ் ரிக், சின்ன ஸ்பின்னர்பெய்ட், சிறிய பாப்பர், ஜெர்க்பெய்ட் என்று லூர்களும் அவற்றைக் கட்டும் முறைகளுமாக (ரிக்) இத்தனையும் இதில் ஓடும். ஸ்மால்மவுத்துக்கு ஏறக்குறைய எல்லாமே முடியும். வால்ஐ, பெர்ச் போன்ற மற்ற மீன்களைப் பிடிக்கவும் கைகொடுக்கும். முடியாதது அடர்ந்த பாசிக்குள் தவளை லூர் வீசுவதும் ஆழமான கிராங்க்பெய்ட்டும். அந்த இரண்டையும் ஆசைப்பட்டு இதில் கட்டினால் ராடு மடங்கிக்கொண்டே போகும், மீன் கரை சேராது.

டெக்சஸ் ரிக்குக்கும் ஜிக்குக்கும்?

டெக்சஸ் ரிக்கில் முள்ளின் கூர், ரப்பர் புழுவின் உடம்புக்குள் மறைந்திருக்கும். செடியில் மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மீன் கவ்வியதும் முள் முதலில் ரப்பரைக் கிழித்து வெளியே வந்து, அப்புறம் தாடையில் ஏற வேண்டும். ஜிக்கிலும் முள்ளைச் செடியிலிருந்து காக்கும் நார்க்கற்றை இருக்கிறது. அதையும் அமுக்கிக்கொண்டுதான் முள் பதியும். ராடு நடுவிலேயே வளைந்து உங்கள் பலத்தைத் தின்றுவிட்டால் முள் பாதியில் நின்றுபோகும்.

அதனால் 7 அடி முதல் 7 அடி 3 அங்குலம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். நரம்பு 15 முதல் 17 பவுண்டு ஃபுளூரோகார்பன். இந்த இரண்டு முறைகளிலும் இரை தரையைத் தொட்டுக்கொண்டே வரும். சரளையா, சேறா, கட்டையா என்பதும் மீன் மெல்ல வாயில் எடுத்ததும் கைக்குத் தெரிய வேண்டும். செலவு செய்வதென்றால் இந்த ராடுக்குச் செலவு செய்யுங்கள். கிராங்க்பெய்ட் ராடில் விலை கூடக் கூட வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஜிக் ராடில் தெரியும்.

ஃப்ளிப்பிங் ராடு என்று தனியாக விற்கிறார்களே, அது எதற்கு?

தூர வீசாமல், பத்துப் பதினைந்து அடியில் இருக்கும் புதருக்குள், கட்டைக்குப் பின்னால், ஜிக்கைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும் முறை ஃப்ளிப்பிங். கலிபோர்னியாவின் டீ தாமஸ் 1970களில் இதைப் போட்டிகளுக்குக் கொண்டுவந்தார். நாணல் புதர்களில் மிக நீளமான கழிகளால் மீன் பிடிக்கும் அவ்வூர் வழக்கத்திலிருந்து வந்தது இது. மற்றவர்கள் ஆட்சேபிக்க, ராடின் நீளத்துக்கு வரம்பு வந்தது. அவர் ஏழரை அடி ராடுக்கு ஏற்றபடி முறையை மாற்றிக்கொண்டு, 1975இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் வென்று காட்டினார். ஃபென்விக் நிறுவனம் இந்த முறைக்கென்றே தனி ராடு கொண்டுவந்ததும் அவரது பங்களிப்பால்தான்.

இன்றும் ஃப்ளிப்பிங் ராடு ஏழரை அடி, ஹெவி, ஃபாஸ்ட். நீளம் எதற்கென்றால், தூரமாக வீசுவதற்கு அல்ல. நரம்பைக் கையால் இழுத்து ஊசலாட்டி இறக்க இடம் வேண்டும், மீனை நேராக மேலே தூக்க நெம்புகோல் வேண்டும். தண்ணீர்ப் பரப்பில் பாய் விரித்ததுபோல் படர்ந்த பாசியை 1 அவுன்ஸுக்கு மேற்பட்ட டங்ஸ்டன் குண்டால் துளைத்து இறக்கும் பஞ்சிங் முறைக்கு 8 அடி எக்ஸ்ட்ரா ஹெவி வரை போவார்கள். ஃபுளோரிடாவின் ஓகிச்சோபி போன்ற ஏரிகளில் அது அன்றாடத் தேவை. ஒன்டாரியோவில் வாரக்கடைசியில் மட்டும் போகிறவருக்கு இது மூன்றாவது, நான்காவது ராடாக வந்தால் போதும்.

தவளை லூருக்கு?

உள்ளே வெற்றிடமான ரப்பர் தவளையை அல்லி இலைகளின் மேல் நடக்கவிட்டு, லார்ஜ்மவுத் வெடித்துக்கொண்டு மேலே வருவதைப் பார்ப்பதைவிட ஏரியில் பெரிய சந்தோஷம் எனக்கு வேறில்லை. ரைஸ் ஏரியின் ஓரங்களில் ஆகஸ்ட் மாலைகள் இதற்காகவே அமைந்தவை.

7 அடி முதல் 7 அடி 4 அங்குலம், ஹெவி அல்லது பலமான மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். நரம்பு 50 முதல் 65 பவுண்டு பின்னல், வேறெதுவும் வேண்டாம். தவளையின் வயிற்றோடு ஒட்டிய இரட்டை முள் தடித்தது. ரப்பர் அமுங்கினால்தான் அது வெளியே வரும். மீன் ஏறிய நொடியில் மீனின் எடையோடு நாலைந்து பவுண்டு பாசியும் சேர்ந்து வரும். நுனி மட்டும் சற்று இளகியிருந்தால் தவளையை இடம் வலமாக ஆட்ட வசதி; முழுக்க விறைத்த ஃப்ளிப்பிங் ராடில் தவளை செத்ததுபோல் வரும்.

தண்ணீர் தெறித்ததும் சுண்டிவிடாதீர்கள். தவளை மறைந்து, நரம்பு நகர்வது தெரிந்த பிறகு பலமாகச் சுண்டுங்கள்.

கிராங்க்பெய்ட் ராடு ஏன் கொழகொழவென்று இருக்கிறது?

வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். கிராங்க்பெய்ட் அதிர்ந்துகொண்டே ஓடும்போது மீன் பின்னாலிருந்து வந்து வாய்க்குள் உறிஞ்சும். விறைத்த ராடும் நீளாத நரம்பும் இருந்தால், மீன் வாயை மூடும் முன்பே லூரை நீங்கள் பிடுங்கிவிடுவீர்கள். வளையும் ராடு அந்த அரை நொடியை மீனுக்கு விட்டுக்கொடுக்கிறது. முள் ஏறிய பிறகும், மீன் படகருகே வந்து தலையை உதறும்போது ராடு வளைந்து நரம்பைத் தளரவிடாமல் வைக்கிறது. மும்முனை முள்ளில் மீன் தப்புவது பெரும்பாலும் அந்த உதறலில்தான்.

கண்ணாடி இழை ராடுகள் இதற்குப் பெயர் பெற்றவை. 1970களில் கிராஃபைட், அதாவது கார்பன் இழை, வந்ததும் மற்ற எல்லா முறைகளுக்கும் எல்லோரும் அதற்குத் தாவினார்கள். லேசானது, உணர்வு துல்லியமானது. ஆனால் கிராங்க்பெய்ட்டில் மட்டும் கண்ணாடி இழை இன்றுவரை நிற்கிறது. இரண்டையும் கலந்த ராடுகளும் கிடைக்கின்றன. கனமும் குறைவு, வளைவும் இருக்கிறது. நான் பரிந்துரைப்பது இந்தக் கலவையைத்தான்.

நீளம் ஆழத்தைப் பொறுத்தது. கரையோரக் கட்டைகளில் மோதவிடும், சதுர உதடுள்ள ஸ்குவேர்பில் வகைக்கு 6 அடி 10 அங்குலம் முதல் 7 அடி, மீடியம், மாடரேட். பதினைந்து இருபது அடிக்கு இறங்கும் பெரிய லூருக்கு ஏழரை அடி அல்லது அதற்கு மேல், மீடியம் ஹெவி, மாடரேட். தூரமாக வீசினால்தான் லூர் முழு ஆழத்துக்கு இறங்கி அங்கேயே சற்று நேரம் ஓடும். நரம்பு 10 முதல் 12 பவுண்டு ஃபுளூரோகார்பன். தடித்த நரம்பு தண்ணீரில் இழுபட்டு லூரை ஆழம் போகவிடாது.

ஒரு விலக்கு: முன்னால் உதடு போன்ற தகடு இல்லாத கிராங்க்பெய்ட்டைப் பாசியின் தலையில் உரசவிட்டு, மாட்டியதும் உலுக்கி விடுவிக்கும் முறைக்கு மாடரேட் போதாது. ராடு வளைந்து கொடுத்தால் லூர் பாசியோடு சேர்ந்து வரும். அதற்கு மீடியம் ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட்.

ஜெர்க்பெய்ட்டும் அதே ராடிலா?

சின்ன மீன் வடிவ லூரான இதிலும் முள் அதே மெல்லிய மும்முனை வகைதான், ஆனால் கை வேலை வேறு. நுனியைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துச் சட் சட்டென்று தட்ட வேண்டும். நீளமான ராடு தண்ணீரில் அடிக்கும். 6 அடி 6 அங்குலம் முதல் 6 அடி 10 அங்குலம், மீடியம், ஃபாஸ்ட் அல்லது மாடரேட் ஃபாஸ்ட். உயரம் குறைந்தவர்கள் இன்னும் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். தண்ணீர்ப் பரப்பில் ஓடும் பாப்பர், அங்கேயே வலப்புறம் இடப்புறம் நடக்கும் லூர் ஆகியவற்றுக்கும் இதே ராடு ஆகும். அங்கே ஃபுளூரோகார்பன் மட்டும் வேண்டாம். அது மூழ்கும் நரம்பு, லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

ஸ்பின்னர்பெய்ட், சேட்டர்பெய்ட்?

சுழலும் அல்லது அதிரும் தகடு வைத்த இந்த இரண்டிலும் ஒற்றை முள், ஆனால் லூர் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஜிக் ராடின் பவரும் கிராங்க்பெய்ட் ராடின் இளக்கத்தில் கொஞ்சமும் சேர்ந்த மீடியம் ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட் பொருத்தம். நீளம் 7 அடி. ஜிக் ராடிலேயே வீசினாலும் மோசமில்லை.

ஸ்மால்மவுத்துக்கு டிராப் ஷாட், நெட் ரிக் என்கிறார்கள். அதற்கு என்ன ராடு?

ஜீப்ரா மட்டி என்ற வந்தேறிச் சிப்பி பரவியதிலிருந்து ஈரி, ஒன்டாரியோ ஏரிகளின் தண்ணீர் வெகுவாகத் தெளிந்துவிட்டது. ரவுண்ட் கோபி என்ற இன்னொரு வந்தேறி மீன் தரையெல்லாம் பெருகி, அதைத் தின்று ஸ்மால்மவுத் கொழுத்திருக்கிறது. கண்ணாடி போன்ற தண்ணீர், ஆழம் இருபது முப்பது அடி, தரையில் ஒட்டித் திரியும் சின்ன இரை. இப்படிப்பட்ட இடத்தில் மெல்லிய நரம்பும் சிறிய லூரும்தான் எடுபடும்.

டிராப் ஷாட்டில் ஈயம் அடியில் இருக்கும், முள் அதற்கு ஓரடி மேலே. முள் மெல்லிய கம்பியில் செய்த சின்ன அளவு. நெட் ரிக் என்பது கன்சாஸ் மாநிலத்தின் நெட் கெடி பெயரால் வழங்கும் முறை. காளான் வடிவத் தலையில் மூன்று அங்குல ரப்பர் குச்சி, எடை ஒரு அவுன்ஸில் பத்தில் ஒரு பங்கு அளவில்.

இரண்டுக்கும் 6 அடி 10 அங்குலம் முதல் 7 அடி 2 அங்குலம் வரை, மீடியம் லைட் அல்லது மீடியம் ஸ்பின்னிங், ஃபாஸ்ட் அல்லது எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். நுனி நுட்பமாக இருக்க வேண்டும், இடுப்பு கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். நரம்பு 10 பவுண்டு பின்னல், முனையில் 6 முதல் 8 பவுண்டு ஃபுளூரோகார்பன்.

இந்த ராடில் சுண்டவே கூடாது. டெக்சஸ் ரிக்கிலிருந்து மாறுபவர்கள் பழக்கத்தில் சுண்டி நரம்பை அறுத்துவிடுவார்கள். கனம் தெரிந்ததும் ரீலைச் சுற்றிக்கொண்டே ராடை மெல்ல உயர்த்தினால் போதும், மெல்லிய முள் தானாகப் பதியும். ஸ்மால்மவுத் தண்ணீரைவிட்டு மேலே பாயும்; படகுக்கடியில் திடீரென்று இறங்கும். அப்போது ராடின் வளைவும், மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராகும் சேர்ந்துதான் அந்த மெல்லிய நரம்பைக் காப்பாற்றும்.

சிம்கோவில் காற்று அடிக்கும் நாட்களில் அரை அவுன்ஸ் டியூப் போடுவதானால் மட்டும் பலமான மீடியத்துக்கு மாறுங்கள்.

பெரிய ஸ்விம்பெய்ட், அலபாமா ரிக் எல்லாம்?

ஸ்விம்பெய்ட் என்பது நீந்தும் மீன் வடிவ லூர்; அலபாமா ரிக் என்பது ஐந்து கம்பிகளில் லூர்கள் தொங்கும் அமைப்பு. 7 அடி 9 அங்குலம் அல்லது 8 அடி, ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட். 2011இல் அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் இலியாஸ் அலபாமா ரிக்கால் வென்ற பிறகு இதற்கென்றே ராடுகள் வந்தன. ஒன்டாரியோவில் ஒரு நரம்பில் 4 முட்களுக்கு மேல் கூடாது என்பதால் ஐந்து கம்பியிலும் முள் மாட்ட முடியாது.

நரம்பை மாற்றினால் ராடையும் மாற்ற வேண்டுமா?

பின்னல் நரம்பு அனேகமாக நீளாது, மோனோ (ஒற்றை இழை நைலான்) நன்றாக நீளும், ஃபுளூரோகார்பன் இடையில். ராடும் நரம்பும் சேர்ந்துதான் மொத்த இழுவையைத் தாங்குகின்றன. விறைத்த ராடில் பின்னல் நரம்பு போட்டு மும்முனை முள் கட்டினால் மீன் கிழித்துக்கொண்டு போகும். அந்த ராடுதான் கையில் இருக்கிறது என்றால் 12 பவுண்டு மோனோ போடுங்கள், டிராகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். புது ராடு வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டிய மலிவான திருத்தம் இது.

கரையிலிருந்து மீன் பிடிக்கிறேன். நீளம் எவ்வளவு?

பின்னால் மரமும் புதரும் இல்லாத திறந்த கரை, காங்கிரீட் பாலம் என்றால் 7 அடி அல்லது சற்று மேல். கரையோரச் செடிகளுக்கு மேலாக மீனைத் தூக்கி எடுக்கவும் நீளம் உதவும். மரங்களுக்கு நடுவே நின்று வீசும் இடமென்றால் ஆறரை அடி. கயாக்கில் உட்கார்ந்து வீசுபவர்கள் கைப்பிடியின் நீளத்தைப் பாருங்கள். நீளமான கைப்பிடி மடியிலும் உயிர்காப்பு உடையிலும் இடிக்கும்.

ராடு முறிவதற்கு என்ன காரணம்?

பெரிய மீனால் முறிவது அபூர்வம். கார் கதவு, படகின் விளிம்பில் பட்ட அடி, கனமான ஈயக்குண்டு ஆடிவந்து மோதியது, இவைதான் வழக்கமான காரணங்கள். கிராஃபைட்டில் மெல்லிய கீறல் விழுந்தால் அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து ஒரு சின்ன மீனில் சட்டென்று போகும். இன்னொன்று, மீன் காலடிக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்குவது. அப்போது பாரம் முழுவதும் நுனிக்குப் போய்விடும். வலையோ கையோ பயன்படுத்துங்கள்.

ஹை மாடுலஸ் என்று விற்கும் விலை கூடிய கிராஃபைட் லேசானது, துல்லியமானது, அடி தாங்காதது. பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். மின்கம்பி போகும் இடத்தில் வீசவே வேண்டாம்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

முதல் ராடும் ரீலும் சேர்த்து 100 முதல் 150 கனேடிய டாலர் போதும். அதே பணத்தில் ராடை மலிவாக வாங்கி ரீலுக்கு அதிகம் கொடுப்பவர்கள் உண்டு. தரையைத் தொட்டு ஓடும் முறைகளுக்கு நான் ராடு பக்கம் சாய்வேன். டிராப் ஷாட்டுக்கு மட்டும் டிராக் நன்றாக ஓடும் ரீல் அவசியம். கடையில் வளையங்களுக்குள் பஞ்சைவிட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, மூன்றாவது ராடு எந்த வரிசையில்?

ஸ்பின்னிங் மீடியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்தது 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் பெய்ட்காஸ்டர். டெக்சஸ் ரிக், ஜிக், ஸ்பின்னர்பெய்ட், அவசரத்துக்குத் தவளை எல்லாம் அதில் அடங்கும். மூன்றாவது நீங்கள் போகும் ஏரியைப் பொறுத்தது. ரைஸ், கவார்த்தா போன்ற செடி ஏரிகள் என்றால் ஹெவி தவளை ராடு. சிம்கோ, ஈரி போன்ற தெளிந்த பெரிய ஏரிகள் என்றால் மீடியம் லைட் டிராப் ஷாட் ராடு. கிராங்க்பெய்ட் ராடு நான்காவது. ஐந்தாவதுக்கு மேல் வாங்கும்போது நீங்கள் யாரிடமும் கேட்க மாட்டீர்கள்.

மே மாதமே ராடு வாங்கிவிட்டேன். பாஸ் பிடித்துவிட்டு விட்டுவிடலாமா?

கூடாது. தெற்கு ஒன்டாரியோவில் பெரும்பாலான இடங்களில் பாஸ் காலம் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும். பகுதிக்குப் பகுதி தேதி மாறும், மாகாண அரசின் அந்த ஆண்டு விதிகளைப் பாருங்கள். மூடிய காலத்தில், விட்டுவிடும் எண்ணத்தோடுகூடப் பாஸைக் குறிவைக்கக் கூடாது. வசந்தத்தில் ஆண் மீன்தான் கூட்டைக் காக்கும். அதைச் சில நிமிடம் எடுத்துவிட்டாலே கோபியும் பெர்ச்சும் முட்டைகளைத் தின்றுவிடும். 18 முதல் 64 வயதுவரை உரிமமும் அவசியம்.

அதுவரை முள்ளில்லாத பயிற்சிக் குண்டைக் கட்டிப் பூங்காப் புல்லில் வீசிப் பழகுங்கள். இருபது அடி, முப்பது அடி, ஐம்பது அடி என்று மூன்று தட்டுகள் வைத்து அவற்றில் விழவைக்கப் பாருங்கள். பெய்ட்காஸ்டராக இருந்தால் பிரேக்கை முதலில் அதிகமாக வைத்துத் தொடங்கி, சிக்கல் வராத அளவுக்கு ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.